பாயக் கூடாத குதிரை

குதிரை என்றாலே நமக்கு நாலுகால் பாய்ச்சல்தான் நினைவுக்கு வருகிறது. சரித்திர நாவல் எழுதுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கதாநாயகன் குதிரைமீது தாவி ஏறிய மறு வாக்கியத்திலேயே அது காற்றாய்ப் பறந்தாக வேண்டும். புழுதி எழும்ப வேண்டும். குளம்புகளிலிருந்து தீப்பொறி தெறிக்க வேண்டும். என் பங்குக்கு நானும் பல குதிரைகளை அப்படிப் பறக்கவிட்டிருக்கிறேன். ஆனால், பாய்வது குற்றம், பாய்ந்தால் தோல்வி என்று குட்டிப் பருவத்திலிருந்தே பழக்கி வளர்க்கப்படும் குதிரை இனம் ஒன்று உண்டென்றால் நேயர்கள் நம்புவார்களோ என்னவோ! அதிலும் அது மந்தமான குதிரை அல்ல, பந்தயக் குதிரை. ஒரு மைலை இரண்டு நிமிஷத்துக்குள் கடந்துவிடும். பெயர் ஸ்டாண்டர்ட்பிரெட். பிறந்த தேசம் அமெரிக்கா.

இந்தக் குதிரை ஓடி ஓடிக் களைத்து, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்ன ஆகிறது? சர்க்கார் உத்தியோகஸ்தருக்குப் பென்ஷன் உண்டு. குதிரைக்கு என்ன உண்டு? இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய இருநூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. அதில் வெட்கப்பட வேண்டிய பக்கங்களும் உண்டு. மனம் குளிரும் பக்கங்களும் உண்டு.

முதலில் அந்த ஓட்டத்தின் விசேஷத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பழைய நிகண்டுகள் குதிரையின் கதியை ஐந்தாகப் பகுத்து ஐங்கதி என்றன. இந்த இனத்தை வளர்த்த அமெரிக்கர்களுக்கு வேண்டியதோ இரண்டே இரண்டு. வலது முன்காலும் இடது பின்காலும் ஒன்றாக எழுந்து விழ, அடுத்து இடது முன்காலும் வலது பின்காலும் ஒன்றாக எழுந்து விழ ஓடுவது ஒரு வகை. அதை 'டிராட்' என்பார்கள். ஜட்கா வண்டியில் போன அனுபவம் உள்ள பெரியவர்களுக்கு அந்த லொங்கு ஓட்டம் நன்றாகத் தெரியும். வலப்பக்கத்துக் கால்கள் இரண்டும் ஒருசேர, இடப்பக்கத்துக் கால்கள் இரண்டும் ஒருசேர, ஒட்டகம் போல ஆடி ஆடி ஓடுவது இன்னொரு வகை. அதற்குப் 'பேஸ்' என்று பெயர். பந்தயத்தில் குதிரைக்குப் பின்னால் இரண்டு சக்கரங்கள் கொண்ட சின்னஞ்சிறு வண்டி இருக்கும். அதில் சாரதி உட்கார்ந்திருப்பார். ஓட்டத்தின் நடுவே குதிரை தன் கதியை மறந்து நாலுகால் பாய்ச்சலில் இறங்கிவிட்டால் போச்சு! சாரதி அதை ஓரமாக ஒதுக்கி இழுத்துப் பிடித்துப் பழைய கதிக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மற்றக் குதிரைகள் வெகுதூரம் போயிருக்கும்.

இனி சரித்திரத்துக்கு வருவோம். 1788-ஆம் வருஷம் இங்கிலாந்திலிருந்து பிலடெல்பியா துறைமுகத்துக்கு ஒரு சாம்பல் நிறக் குதிரை வந்து இறங்கியது. அதன் பெயர் மெஸஞ்சர். அது பாய்ச்சல் பந்தயத்துக்காகவே வளர்க்கப்பட்ட உயர்ந்த ஜாதிக் குதிரை. ஆனால் அதன் சந்ததியில் ஓர் அதிசயம் காணப்பட்டது. பேரன் பேத்திகள் பாய்ச்சலைவிட டிராட் ஓட்டத்தில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். சாலைகள் மோசமாக இருந்த புதிய தேசத்தில், மணிக்கணக்காக ஒரே சீராக ஓடக்கூடிய குதிரைக்கு இருந்த மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் நோயாளியைப் பார்க்கப் போவதும் வியாபாரி சந்தைக்குப் போவதும் அந்தக் குதிரையால்தான். அப்படிப் போகிற வழியில் பக்கத்து வண்டிக்காரரை முந்த வேண்டும் என்ற ஆசை மனுஷ்ய சுபாவம் அல்லவா? பந்தயம் அப்படித்தான் சாலையில் பிறந்தது.

ஆரம்ப காலத்துப் பந்தயங்கள் பெரும்பாலும் வண்டி கட்டி நடந்தவை அல்ல. முதுகில் சேணம் போட்டு, ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டியவை. அந்தக் காலத்தின் ராணி என்று லேடி சப்பக் என்ற சாம்பல் நிறப் பெண் குதிரையைச் சொல்லலாம். 1833-இல் லாங் ஐலண்டில் பிறந்தது, மெஸஞ்சரின் வம்சம். வண்டி இழுத்துக்கொண்டிருந்த அதை டேவிட் பிரையன் என்பவர் 112½ டாலருக்கு வாங்கினார். 1845-இல் ஹொபோக்கன் என்ற ஊரில் வண்டியோடு ஒரு மைலை 2 நிமிஷம் 29½ விநாடியில் கடந்தது. இரண்டரை நிமிஷத்துக்குள் மைலை ஓடிய முதல் டிராட் குதிரை அதுதான். நாலு வருஷம் கழித்து, பதினாறு வயதில், முதுகில் ஆளைச் சுமந்துகொண்டு 2 நிமிஷம் 26 விநாடியில் ஓடிக் காட்டியது. இந்த இனத்தின் முதுகுக்குச் சேணம் ஆதியில் அந்நியமாக இருக்கவில்லை என்பதை நேயர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பயன்படும்.

அதே 1849-ஆம் வருஷத்தில் நியூ யார்க் மாகாணத்தில் ஆரஞ்ச் கவுண்டி என்ற இடத்தில் ஒரு குட்டி பிறந்தது. தாய் நொண்டிக் குதிரை. தந்தை மெஸஞ்சரின் வம்சத்தில் வந்த அப்தல்லா. பண்ணைச் சொந்தக்காரரிடம் கூலிக்கு வேலை பார்த்த வில்லியம் ரிஸ்டிக் என்பவருக்கு அந்தக் குட்டியின்மேல் அபார மோகம். தாயையும் குட்டியையும் சேர்த்து 125 டாலருக்கு வாங்கிக்கொண்டார். அந்தக் குட்டிதான் ஹாம்பிள்டோனியன். அதற்கு 1,331 குட்டிகள் பிறந்தன. கூலியாள் ரிஸ்டிக் பெரிய பணக்காரரானார். இன்று அமெரிக்காவில் இருக்கும் ஸ்டாண்டர்ட்பிரெட் குதிரைகளின் தந்தை வழியைத் தேடிக்கொண்டு போனால் அநேகமாக எல்லாம் ஹாம்பிள்டோனியனிடம்தான் போய் முடிகின்றன. 1876-இல் அது இறந்த பிறகு, செஸ்டர் என்ற ஊரில் அதன் சமாதியின்மேல் உயரமான கல் தூண் ஒன்றை நிறுத்தினார்கள். இன்றும் நிற்கிறது.

மகனுக்குக் கல் தூண். தந்தைக்கு என்ன கிடைத்தது தெரியுமா? அப்தல்லா வயதான காலத்தில் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஒரு மீன்காரரிடம் போய்ச் சேர்ந்தது. வண்டியில் பூட்டியதும் அது உதைத்து வண்டியைத் தூள் தூளாக்கிற்று. இனி இது உதவாது என்று லாங் ஐலண்டின் மணல் கரையில் விட்டுவிட்டார்கள். அங்கே அது பட்டினி கிடந்து செத்தது என்று அந்த இனத்தின் பழைய வரலாறுகள் சொல்கின்றன. ஓய்வு பெற்ற குதிரை என்ன ஆகிறது என்ற கேள்விக்கு அந்தக் காலம் சொன்ன ஒரு பதில் அது.

ஆனால் அதே காலத்தில் வேறு பதில் சொன்னவரும் இருந்தார். அவர் ஒரு பத்திரிகைக்காரர் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். ராபர்ட் பானர் என்று பெயர். அயர்லாந்தில் பிறந்து அச்சுக்கோக்கும் வேலையில் ஆரம்பித்தவர். 'நியூ யார்க் லெட்ஜர்' என்ற கதைப் பத்திரிகையை நடத்தினார். தொடர்கதைகளுக்குப் பேர் போன பத்திரிகை. 1859-இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ஒரே ஒரு கதைக்கு ஆயிரம் பவுன் கொடுத்தவர் இவர். (இந்த வாக்கியத்தை நம் பத்திரிகாசிரியர்கள் இரண்டு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.) கதையில் சம்பாதித்த பணத்தைப் பானர் குதிரையில் போட்டார். ஆனால் பணயம் வைத்துப் பந்தயம் விடுவது பாவம் என்பது அவர் கொள்கை. ஆகவே தேசத்திலேயே வேகமான டிராட் குதிரைகளை வாங்கி, மாலை வேளையில் தாமே வண்டி ஓட்டிக்கொண்டு நியூ யார்க் சாலைகளில் உலாவி வந்தார். 1884-இல் கோடீசுவரர் வாண்டர்பில்ட் தம்முடைய மாட் எஸ். என்ற புகழ்பெற்ற பெண் குதிரையை 40,000 டாலருக்குப் பானரிடம் விற்றார். பானர் அதைச் சூதாட்டத்தில் இறக்கமாட்டார் என்பதே முக்கிய காரணம். மறு வருஷம் அந்தக் குதிரை யாரோடும் பணயம் கட்டாமல், கடிகாரத்தோடு மட்டும் போட்டியிட்டு, 2 நிமிஷம் 8¾ விநாடியில் மைலை ஓடியது. குதிரையைத் துணையாக வைத்துக்கொள்வது என்றால் என்ன என்பதற்குப் பானர் ஒரு நல்ல உதாரணம்.

இதற்கிடையில் 1879-இல் குதிரை வளர்ப்போர் சங்கம் ஒரு விதி செய்தது. ஒரு மைலை இரண்டரை நிமிஷத்துக்குள் ஓடிக் காட்டும் டிராட் குதிரை இந்த இனத்தைச் சேர்ந்தது என்று பதிவு பெறலாம். அந்தத் தர அளவுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டாண்டர்ட்'. அதிலிருந்துதான் ஸ்டாண்டர்ட்பிரெட் என்ற பெயர் வந்தது. குலம் பார்த்துச் சேர்க்காமல் மார்க் பார்த்துச் சேர்த்த இனம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நம் காலேஜ்களில் அறுபது மார்க் வாங்கினால் முதல் வகுப்பு என்பது போல. ஆனால் மார்க்கினால் கிடைத்த பெருமை மார்க் குறைந்ததும் போய்விடும் அல்லவா? ஒரு குதிரையின் யோக்கியதையைக் கடிகாரத்திடம் ஒப்படைத்துவிட்ட பிறகு, வயதான குதிரைக்காகப் பரிந்து பேச யார் இருக்கிறார்கள்?

கடிகாரமோ ஓடிக்கொண்டே இருந்தது. 1892-இல் பந்தய வண்டிக்குச் சைக்கிள் சக்கரம் வந்தது. 1897-இல் ஸ்டார் பாயிண்டர் என்ற குதிரை பேஸ் ஓட்டத்தில் முதன்முதலாக இரண்டு நிமிஷத்துக்குள் மைலைக் கடந்தது. 2022-இல் புல்டாக் ஹனோவர் என்ற குதிரை 1 நிமிஷம் 45 விநாடியும் அடுத்த விநாடியில் ஐந்தில் நாலு பங்கும் எடுத்துக்கொண்டு சாதனை செய்தது. வண்டிகள் லேசாக லேசாக, முதுகில் ஏறி ஓட்டும் பழைய பந்தயம் அமெரிக்காவில் அநேகமாக மறைந்தே போயிற்று. லேடி சப்பக்கின் சந்ததிக்கு முதுகு என்று ஒன்று இருப்பதையே எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

மறக்காத ஒரு பெண்மணி இருந்தார். பிரான்ஸஸ் டாட்ஜ் என்று பெயர். மோட்டார் கார் உற்பத்தி செய்த டாட்ஜ் சகோதரர்களில் ஜான் டாட்ஜின் குமாரத்தி. சாலையிலிருந்து குதிரையை விரட்டிய மோட்டாரில் சம்பாதித்த வீட்டிலிருந்து குதிரைக்கு ஒரு பக்தை கிளம்பியது விதியின் விளையாட்டுத்தான். அந்தக் காலத்து மகாவீரன் கிரேஹவுண்ட் என்ற சாம்பல் நிற டிராட் குதிரை. 1938-இல் 1 நிமிஷம் 55¼ விநாடியில் மைலை ஓடியது. 1940-இல் கென்டக்கி மாகாணத்து லெக்ஸிங்டனில் பிரான்ஸஸ் டாட்ஜ் அதன் முதுகில் சேணம் போட்டு ஏறி, 2 நிமிஷம் 1¾ விநாடியில் மைலை ஓட்டிக் காட்டினார். அந்த வருஷமே கிரேஹவுண்ட் ஓய்வு பெற்றது. அது காயடிக்கப்பட்ட குதிரை. குட்டி போட்டு எஜமானுக்குப் பணம் சம்பாதித்துத் தரும் வழியும் இல்லை. லாபக் கணக்குப் பார்த்தால் அதன் விலை அன்றே பூஜ்யம். ஆனால் அதன் எஜமானர் இல்லினாய் மாகாணத்தில் தம் பண்ணையில் அதற்கென்று தனி லாயம் ஒதுக்கி ராஜோபசாரம் செய்தார். ஜனங்கள் யாத்திரை போவது போலப் போய் அதைப் பார்த்து வந்தார்கள். 1965-இல் முப்பத்துமூன்றாவது வயதில் அது இறந்தது. ஓடிய வருஷங்களைப் போலப் பல மடங்கு வருஷங்கள் ஓய்வில் வாழ்ந்தது.

ஸ்டாண்டர்ட்பிரெட் குதிரையின் பிரச்னை முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. இரண்டு வயதில் பந்தயத்துக்கு வருகிறது. பத்து வயதுக்கு முன்பே பெரும்பாலானவற்றின் ஓட்டம் முடிந்துவிடுகிறது. ஆனால் நல்ல பராமரிப்பில் இருபத்தைந்து, முப்பது வயது வரை இருக்கும். மிச்ச வருஷங்களுக்குச் சோறு போடுகிறவர் யார்? கிரேஹவுண்டைப் போல் பெயர் பெற்றவை எத்தனை இருக்கும்?

சிலவற்றை ஆமிஷ் என்ற சமயப் பிரிவினர் வாங்குகிறார்கள். அவர்கள் மோட்டார் கார் சொந்தமாக வைத்துக்கொள்ளாதவர்கள். பென்ஸில்வேனியா, ஒஹையோ, இண்டியானா மாகாணங்களில் இன்றும் குதிரை வண்டியில் போகிறவர்கள். மற்றவை ஏலத்துக்குப் போகின்றன. ஏலத்தில் இறைச்சிக்காக வாங்குகிறவர்களும் நிற்பார்கள். அமெரிக்காவில் கடைசியாக இருந்த குதிரை இறைச்சிச் சாலைகள் 2007-இல் மூடப்பட்டன. அதனால் குதிரைகள் பிழைத்துவிடவில்லை. லாரியில் ஏறி மெக்ஸிகோவுக்கும் கனடாவுக்கும் போகத் தொடங்கின. பந்தயத் தொழிலும் முன்போல் இல்லை. 1940-இல் இரவு நேர விளக்கு வெளிச்சத்தில் பந்தயம் நடத்தி ஜனத்திரளை ஈர்த்த ரூஸ்வெல்ட் பந்தயத் திடல் 1988-இல் மூடப்பட்டது. 1853 முதல் பந்தயம் கண்ட ப்ரீஹோல்ட் திடலும் 2024 டிசம்பரில் கடைசிப் பந்தயத்தை நடத்திவிட்டுக் கதவைச் சாத்தியது.

இந்த நிலைமையில் சில நல்ல மனிதர்கள் கிளம்பினார்கள். 1989-இல் நியூ ஜெர்ஸியில் ஸ்டாண்டர்ட்பிரெட் ஓய்வு நிறுவனம் என்று ஒன்று ஏற்பட்டது. வேறு இடங்களிலும் இது போன்ற ஸ்தாபனங்கள் தோன்றின. ஓய்வு பெற்ற குதிரைக்கு வைத்தியம் பார்த்து, முதுகில் ஆள் ஏறுவதற்குப் பழக்கி, தகுதியான குடும்பத்துக்கு ஸ்வீகாரம் கொடுக்கிறார்கள். ஆம், ஸ்வீகாரந்தான். பெண் கொடுப்பவர்கள் விசாரிப்பது போல விசாரிக்கிறார்கள்: கொட்டில் உண்டா, புல்வெளி எவ்வளவு, வைத்தியர் யார், முன்னே குதிரை வளர்த்த அனுபவம் உண்டா என்றெல்லாம்.

அப்படி ஸ்வீகாரம் போன குதிரை ஒன்றை நியூ ஜெர்ஸியில் நான் பார்த்தேன். என் நண்பர் வீட்டுக்கு அடுத்த பண்ணையில் இருந்த அம்மாள் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். குதிரைக்குப் பதின்மூன்று வயது. செம்பழுப்பு நிறம், நீளமான முகம், சாதுவான கண்.

"சேணம் வைத்தபோது முரண்டு பண்ணவில்லையா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லை. சின்ன வயசிலிருந்து யார் யாரோ பூட்டி அவிழ்த்திருக்கிறார்கள். லாரி, ஒலிபெருக்கி, கூட்டம், எல்லாம் பார்த்தாயிற்று. இதுவும் ஒரு உத்தியோகம் போலிருக்கிறது என்று நின்றுகொண்டான். கடிவாளந்தான் முதலில் தகராறு. நிற்கட்டும் என்று நான் இழுத்தால் இவன் இன்னும் வேகமாகப் போவான்!"

"அது ஏன்?"

"பந்தயத்தில் கடிவாளம் இறுகினால் அதில் முட்டுக்கொடுத்துக்கொண்டு ஓடத்தான் பழகியிருக்கிறான். இறுகினால் ஓடு, தளர்ந்தால் வேலை முடிந்தது. அதை மாற்ற எனக்கு ஆறு மாசம் ஆயிற்று. ஆனால் அதைவிடக் கஷ்டம் வேறொன்று. பாயச் சொல்லிக் கொடுப்பது."

குதிரைக்குப் பாயச் சொல்லிக் கொடுப்பதா! மீனுக்கு நீச்சல் பழக்குவது போல இருந்தது எனக்கு. அம்மாள் விளக்கினார். மேய்ச்சல் வெளியில் தன்னந்தனியாக இருக்கும்போது அவன் பாய்வான். மனிதர் முதுகில் ஏறிவிட்டால் மாட்டான். எவ்வளவு தூண்டினாலும் பேஸ் ஓட்டத்தையே மேலும் மேலும் வேகப்படுத்துவான். பாய்ச்சலில் கால் வைத்த ஒவ்வொரு முறையும் வாயில் இரும்பு இழுபட்ட ஞாபகம் அவனுக்கு. மேட்டில் ஏறும்போது ஒரு தாவல் வந்தால் உடனே தட்டிக் கொடுப்பது, தரையில் கட்டை போட்டுத் தாண்டச் செய்வது, இப்படியே ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்றாம்.

"ஒரு நாள் மேட்டிலே நாலு தாவல் பாய்ந்தான். பாய்ந்துவிட்டுத் தானே நின்றுவிட்டான். காதைப் பின்னுக்குத் திருப்பிக் காத்துக்கொண்டிருந்தான், தண்டனை வரப்போகிறதென்று. நான் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்" என்றார் அந்த அம்மாள்.

பிறகு குதிரையின் பிடரி மயிரை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினார். வெள்ளை ரோமத்தில் எழுத்தும் எண்களுமாக ஒரு முத்திரை இருந்தது. கடுங்குளிரூட்டிய இரும்பினால் ஒற்றினால் அந்த இடத்தில் ரோமம் வெள்ளையாக முளைக்குமாம். 1980-களிலிருந்து பல வருஷங்கள் அந்த இனத்துக்கு இதுவே அடையாளமாக இருந்தது. சமீப காலத்துக் குட்டிகளுக்கு அதற்குப் பதிலாகத் தோலுக்கடியில் அரிசி மணி அளவில் ஒரு மின்னணுச் சில்லைப் பதிக்கிறார்கள்.

இந்த முத்திரையில்தான் சரித்திரமும் தர்மமும் ஒன்றுகூடுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. பந்தயத்தில் ஒரு குதிரைக்குப் பதிலாக வேறொன்றை ஓட்டிப் பித்தலாட்டம் செய்யாமல் தடுப்பதுதான் அதன் உபயோகம். ஆனால் இன்று ஏலக் கொட்டடியில், முழங்கால் வீங்கி, சேறு படிந்து நிற்கும் பெயர் தெரியாத கிழட்டுக் குதிரையின் பிடரியை ஒருவர் ஒதுக்கி அந்த எழுத்துக்களைப் படிக்கிறார். பதிவேட்டில் தேடுகிறார். உடனே அது பெயர் தெரியாத குதிரையாக இருப்பது நின்றுவிடுகிறது. அதன் பெயர் வருகிறது. தாய் பெயர், தந்தை பெயர் வருகின்றன. எந்த வருஷம், எந்த ஊரில், எத்தனை விநாடியில் மைலை ஓடியது என்ற கணக்கு வருகிறது. ஏணிப்படி போல ஏறிப் போனால் ஹாம்பிள்டோனியன் வருகிறது; அதற்கும் மேலே அப்தல்லாவும் மெஸஞ்சரும் வருகிறார்கள். சில சமயம் பழைய எஜமானரோ, குட்டியில் கவனித்த லாயக்காரரோ தகவல் அறிந்து ஓடி வந்து மீட்டுக்கொண்டு போவதும் உண்டு.

2000-ஆம் வருஷம் மோனி மேக்கர் என்ற பெண் குதிரை ஓய்வு பெற்றது. ஐம்பது லட்சம் டாலருக்குமேல் பரிசு வாங்கிய குதிரை. அதன் கடைசி ஓட்டத்துக்கு வண்டி வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். லெக்ஸிங்டனில், அறுபது வருஷத்துக்கு முன் கிரேஹவுண்ட் ஓடிய அதே ஊரில், ஜூலி க்ரோன் என்ற புகழ்பெற்ற பெண் ஜாக்கி சேணம் போட்டு ஏறி, 1 நிமிஷம் 54 விநாடியும் கொஞ்சமும் சேர்ந்த நேரத்தில் மைலை ஓட்டி உலக சாதனை ஏற்படுத்தினார். சேணத்தில் தொடங்கிய இனம் அன்று மறுபடி சேணத்துக்கே திரும்பியது.

சாதனைகள் பெயர் பெற்ற குதிரைகளுக்கு. பெயர் பெறாத ஆயிரக்கணக்கான குதிரைகளுக்கு வேண்டியது ஒரு புல்வெளி, ஒரு கொட்டில், முதுகில் அளவாக ஒரு பாரம், எப்போதாவது மேட்டில் நாலு தாவல் பாய்வதற்கு அனுமதி. அப்தல்லா கிடந்த மணல் கரைக்கும் ஹாம்பிள்டோனியன் சமாதியின் கல் தூணுக்கும் நடுவே எவ்வளவோ இடம் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஓட்டம் முடிந்து வருகிற குதிரைகள் அந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றன, யாராவது பிடரியை ஒதுக்கிப் பெயரைப் படிப்பார்களா என்று.